போத்தலுக்கு நடந்த அடக்கம்

போன வாரம் எங்கள் குடும்பத்தில் ஓர் அடக்கம் நடந்தது. அண்ணன் காலில் ஒரு துண்டுக்கு! அண்ணனோ கிள்ளான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் வேலை. முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டி. நாங்கள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அதை அமுக்கிப் பார்க்காத ஆளில்லை. வாயு என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். வெள்ளைக்கார டாக்டர் துரை மட்டும் 'தெரியவில்லை' என்றார். அவர்மேல் எங்கள் ஆட்களுக்கு இருந்த மரியாதை அன்றே போயிற்று!

கட்டியில் ஒரு துண்டை வெட்டி, மருந்துத் தண்ணீர்ப் போத்தலில் போட்டார் துரை. கோலாலம்பூர் லேபில் அதை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். கெட்ட கட்டி என்றால் காலையே எடுக்க வேண்டும். வெறும் குருத்தெலும்பு என்றால் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். அவருடைய இங்கிலீஷை வீட்டாருக்குத் தமிழில் சொன்னவள் நான்தான். குடும்பத்தில் முதன்முதலாக ஸ்கூல் வாசல் மிதித்தவள்... விடுவேனா?

"போத்தலை நானே ரயில்ல கொண்டு போறேன்" என்றார் பெரியப்பா. ஸ்டேஷனில் கொடி காட்டுபவர், நம்பிவிட்டோம்.

சில நாள் கழித்து லேபுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக் கிளார்க் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். "போத்தல் ஒண்டும் வரேல்லையே, பிள்ளை."

வீட்டுக்கு ஓடினேன். "பெரியப்பா, போத்தல் எங்கே?"

"பொதைச்சாச்சு. உசிரோட இருக்கிறவன் சதையைத் துண்டு துண்டா சீவுறதாம்! பால் தெளிச்சு, சூடம் கொளுத்தி, மொறையா அடக்கம் பண்ணிட்டேன்."

"போத்தலோடவா?"

"பின்னே? ஒடைச்சா கையைக் குத்தாது?"

அந்தப் புத்தியாவது இருந்ததே! ஸ்கூலுக்குக் கட்டும் சேலையோடு மண்வெட்டியைத் தூக்கினேன்.

"பொம்பளைப் புள்ளை சுடுகாட்டு வேலை செய்யலாமாடி?" என்று பெரியம்மா அலறினார்.

"சுடுகாடா? இது நம்ம வாழைமரத்தடி, பெரியம்மா!"

போத்தல் முழுசாக வந்தது. மருந்துத் தண்ணீரில் கிடந்ததால் துண்டும் கெடவில்லை. மறுநாள் காலை கிளார்க் கையில் நானே கொடுத்தேன்.

நேற்று பதில் வந்தது. குருத்தெலும்புதான். அபூர்வமான கட்டி — ஆனால் சாது. அண்ணனுக்குக் கால் தப்பியது, இன்ஜின் வேலையும் தப்பியது.

பெரியப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார்: "நான் பால் தெளிச்சேன், கட்டி சாந்தமாயிடுச்சு!"

இன்று காலை, கழுத்துக் கட்டியோடு ஒருவர் அவரைத் தேடி வந்தார். மண்வெட்டியைக் கழுவி, கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருக்கிறேன்.