மேலே வைத்த தாள்

உர்சுலாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவள் ஒரு தாளைக்கூடத் தொலைத்தவள் இல்லை என்பதைத்தான். செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் அவள் டைப்பிஸ்ட், நான் அதே அறையில் டெலிபோன் ஆபரேட்டர். பதினெட்டு வருஷம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லோருக்கும் லைன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் கையால் ஒரு மனிதனின் வேலை போகப் பார்த்தது என்றால் யார் நம்புவார்கள்? கண்ணால் பார்த்த எனக்கே இன்றுவரை அது முழுசாகப் பிடிபடவில்லை.

தேக்காவில் அக்கா குடும்பத்தோடு இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாட்டுத் தாள்களை அடித்துக் கொடுப்பது அவள்தான். அதில் ஒரு துணைக்கால் விடுபட்டாலும் முழுத்தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடிப்பாள். “பாடுறவங்கள்ல யாருக்கு அது தெரியப் போவுது?” என்று நான் கிண்டல் செய்தால், “எனக்குத் தெரியும்லா” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. சரியான அழுத்தக்காரி.

எண்பத்தேழில் எங்கள் அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. சொல்லிக் கொடுக்க வந்த பையன் இரண்டே நாளில் கடகடவென்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். உர்சுலா நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், எழுதியது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. அடித்த தாள் எங்கே போகிறது என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? டிஸ்க்குக்குள்ளே என்றேன். டிஸ்க்கைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

அந்த வருஷம் ஜூலையில், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பாரம் தூக்கும் செயின் பிளாக் ஒன்று அறுந்து நூருல் அமீன் என்ற தொழிலாளியின் காலில் இரும்பு விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தக் குழுவுக்கு ஃபோர்மேன் மருதப்பன். தூக்குவதற்கு முந்தின நாளே செயினைப் பரிசோதித்திருக்க வேண்டும், அது அவர் பொறுப்பு. பரிசோதிக்கவில்லை என்றால் வேலை போய்விடும். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கையால் எழுதிய குழுவின் தினசரிக் குறிப்புகள் முப்பத்தொரு தாள். எல்லாவற்றையும் அடித்து ஒரே ஃபைலாகச் சேர்த்துக் கொடு என்று மேனேஜர் உர்சுலாவிடம் சொன்னார்.

ஒரு தாளுக்கு ஒரு ஃபைல் என்று முப்பத்தொன்றையும் தனித்தனியாக அடித்து வைத்தாள். பிறகு சேர்க்க வேண்டும். கர்சர் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் அடுத்த ஃபைல் வந்து உட்காரும் என்று நோட்டில் எழுதியிருந்தாள். எங்கள் ஆபீஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். கயிறு கோத்த ஃபைலில் புதிதாக வரும் தாளை மேலே வைப்போம். முதல் தாள் அடியில் கிடக்கும். படிப்பவர்கள் அடியிலிருந்து மேலே படித்துக்கொண்டு வருவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படித்தான். உர்சுலாவும் அதையே செய்தாள். முதல் தாளைத் திறந்தாள், கர்சரை உச்சிக்குக் கொண்டுபோனாள், இரண்டாவதை அதன் மேலே சேர்த்தாள், மூன்றாவதை அதற்கும் மேலே. முடித்துவிட்டு அச்சடித்து, வழக்கம்போல அடியிலிருந்து படித்துச் சரிபார்த்தாள். ஒரு பிழை இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக அந்த மிஷினைப் பார்த்து அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

ஆனால் மிஷின் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதுவே நம்பர் போட்டிருந்தது, மேலே இருந்த கடைசித் தாளுக்கு ஒன்று என்று. தாள்களோ ஒன்றோடொன்று ஒட்டிய நீளத்தாள், கயிறு கோத்த ஃபைல் மாதிரி அடியிலிருந்து புரட்ட வராது. விசாரணைக்கு உட்கார்ந்தவர்கள் ஒன்றாம் பக்கத்திலிருந்து படித்தார்கள். ஃபைலில் புது நாள் மேலே இருப்பது அவர்களுக்குப் பழகின விஷயம், ஒருவருக்கும் உறுத்தவில்லை. வினை வேறு இடத்தில் இருந்தது. குறிப்பு எழுதுபவர் தேதியை அந்தந்த நாளின் முதல் தாளில் மட்டும்தான் எழுதுவார். ‘புதன்கிழமை, பத்து மணி, செயின் அறுந்தது’ என்ற தாளுக்கு அடுத்தபடியாகச் செவ்வாய்க்கிழமையின் கடைசித் தாள் வந்து நின்றது. அதில் தேதி இல்லை. ‘நாலு மணி, செயின் பரிசோதித்தாயிற்று, குறையில்லை’ என்று மட்டும் இருந்தது. படிப்பவர்களுக்கு அதுவும் புதன்கிழமை நடந்த மாதிரி. ஆளின் கால் போன பிறகு, மாலையில், தப்பித்துக்கொள்ள எழுதி வைத்தது மாதிரி.

மருதப்பனுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. கிளார்க் எழுதும் குறிப்பின் கீழே கையெழுத்து மட்டும் போடுவார். நாலு பேர் உட்கார்ந்து, பக்க நம்பரை விரலால் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்தவர் எங்கள் அறையில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“நான் செவ்வாக்கிழமையே பாத்தேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன், உர்சுலாம்மா. பேப்பர்ல வேற மாதிரி இருக்காம்.”

“பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் அண்ணே இருக்கு. நான்தானே அடிச்சேன்” என்றாள் உர்சுலா, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

“அப்ப நான்தான் மறந்துட்டேன் போல” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மூன்றாம் நாள் அவருடைய வேலை நீக்கக் கடிதம் அடிப்பதற்கு உர்சுலாவிடமே வந்தது. பாதி அடித்தவள் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“தங்கம், புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு செயினைப் பாத்ததா போட்டிருக்கு. அடிபட்டப்புறம் எதுக்குப் பாக்கணும்?”

“அன்னைக்கு நாலு மணிக்கா? அப்ப மருதப்பன் ஆஸ்பத்திரியிலலா இருந்தாரு. அங்கேருந்து அவரு போன்ல பேசுனப்ப நான்தானே மேனேஜருக்கு லைன் கொடுத்தேன்.”

அவள் அந்த நீளத்தாளைத் தரையில் விரித்தாள். அறை முழுவதும் தாள். முட்டி போட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை. மறுபடியும். “எந்தப் பக்கத்துலேருந்து படிச்சாலும் சரியாத்தானே வருது” என்று முணுமுணுத்தாள். எனக்குத் தலை சுற்றியது. கையால் எழுதிய மூலத் தாள்களை அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்த பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நேராக மேனேஜர் அறைக்குள் போனாள். தப்பு மருதப்பனுடையது இல்லை, என்னுடையது என்றாள். மூலத் தாள்களைக் காட்டினாள். அந்த மனிதருக்குப் புரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் தான் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டார், அந்த மட்டும் நல்லவர். உர்சுலா இந்த முறை கர்சரை அடிக்குக் கொண்டுபோய், எல்லாத் தாளிலும் தேதி போட்டு, புதிதாக ஒரு ஃபைல் சேர்த்தாள். மருதப்பனின் வேலை தப்பியது. கதை இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலமே மருதப்பன் கேலாங்கில் நூருல் அமீன் வீட்டுக்குப் போயிருக்கிறார். செயினை நான் பார்க்கவில்லை, உங்கள் வீட்டுக்காரர் கால் போனது என்னால்தான் என்று சொல்லி, அமீனின் மனைவி ருக்கையா முன்னால் கும்பிட்டு அழுதிருக்கிறார். இது தெரிந்ததும் உர்சுலாவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பழையது, புதியது என்று இரண்டு ஃபைலையும் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கேலாங் போனாள். மருதப்பனும் வந்தார். ஆனால் மாடிக்கு வரமாட்டேன் என்று அடுக்குமாடி புளோக்கின் கீழேயே நின்றுவிட்டார்.

அமீன் உள்ளே படுத்திருந்தார். ருக்கையா எங்களுக்குக் குடிக்க மைலோ கலக்கிக் கொடுத்தார். உர்சுலா மேசைமேல் இரண்டு ஃபைலையும் வைத்து, தாள் எப்படி மேலே போனது, தேதி எப்படி மாறிப்போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மருதப்பன் முந்தின நாளே செயினைப் பார்த்தார், அவர் மேல் தப்பு இல்லை என்றாள். அந்த அம்மா இரண்டையும் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“ரெண்டையும் நீங்கதான் அடிச்சீங்களா?”

“ஆமாம்மா.”

“ரெண்டுலயும் அதே வார்த்தைதானா?”

“அதே வார்த்தைதான். வரிசைதான் மாறிப்போச்சு.”

“அன்னைக்கு அவரே வந்து என் கண்ணைப் பாத்து நான்தான்னு சொன்னாரு. நானும் மன்னிச்சுட்டேன். இப்ப கம்பெனி தாளை மாத்தி அடுக்கிட்டு, அவரு பாத்தாருங்குது. அவரு பாத்த செயின் ஏன் அறுந்துச்சு? அது எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க.”

உர்சுலா பக்கங்களைப் புரட்டினாள். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த அம்மாவுக்கும் எங்கள் மேல் கோபம் இல்லை, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல்தான் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மைலோவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டோம்.

கீழே கல்பெஞ்சில் மருதப்பன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“நம்புனாங்களா?”

“இல்லண்ணே” என்றாள் உர்சுலா. “நீங்களே ஒரு தடவை மேல வந்து சொல்லிடுங்க. செவ்வாக்கிழமை பாத்தேன்னு உங்க வாயால சொன்னா நம்புவாங்க.”

அவர் அவள் கையிலிருந்த இரண்டு ஃபைலையும் பார்த்தார்.

“எப்படிச் சொல்றது, உர்சுலாம்மா? இப்ப எனக்கே ஞாபகத்துல இல்ல” என்றார்.