அப்பா சிரிக்காத படம்

ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் பஸ்ஸில் வந்து பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று வழிநெடுக நிற்கிற ஃப்ளெக்ஸில் பாதி என் மிஷினில் அடித்தது. மீதியை அடிக்கிறவர்களும் என்னிடம் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள்தான். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. காலேஜில் டிசைன் படித்த பிள்ளைகள் நாலு பேர் என்னை "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகவும் இருக்கிறது, என்ன செய்வது.

ஆனால் இந்தத் தொழிலில் என் முதல் வேலையை எட்டு வயதில் முடித்துவிட்டேன். பென்சில் பிடித்தது மட்டும் என் தாய்மாமன்.

மாமா விளம்பர ஆர்ட்டிஸ்ட். கோச்சடையிலிருந்து மேற்கே போகிற ரோட்டில் சுவர் என்று ஒன்று நின்றால் அதில் அவர் கை பட்டிருக்கும். சுண்ணாம்பு அடித்து, கட்டம் போட்டு, கம்பெனி கொடுத்த மாதிரிப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்குவார். பல்பொடிக்குச் சிரிக்கிற ஆள், தைலத்துக்கு நெற்றியைப் பிடித்த ஆள், உரத்துக்கு நெற்கதிரைக் கட்டிப்பிடித்த ஆள். மூன்று பேருக்கும் முகம் ஒன்றுதான் என்பார் அப்பா.

அப்பாவுக்கு மச்சினனைக் கண்டாலே ஆகாது. வாசலிலேயே நிறுத்திவிடுவார். "ஏண்டா பொம்மக்காரா, செவத்துல நெல்லு வெளஞ்சா வயிறு நெறஞ்சிருமாடா?" மாமா தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

அந்த வருடம் நடவு வாரத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் அப்பா படமே கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கேமராவைக் கண்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிற மனிதர். கல்யாணத்துக்குக்கூட எடுக்க விடவில்லை. அப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய ஆயுசு முப்பத்தாறு.

அம்மா அப்போது ஏழு மாதம். மாமாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"வயித்துல இருக்கிறதுக்கு அப்பன் மொகம்னு ஒண்ணக் காட்டணும்ல தம்பி. நீதான் போட்டுக் குடுக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "சிரிச்ச மொகமாப் போடுடா" என்றாள்.

பக்கத்தில் இருந்த பெரியப்பாவுக்கு அந்தத் துக்கத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "சிரிச்ச மொகமா? அவன் பெறக்கும்போதே மொறச்சுக்கிட்டுல பெறந்தான்!"

அப்பாவின் அக்கா, என் அத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டே ஒத்து ஊதினாள். "இடுப்புல தூக்கி வளத்தவ நானே பாத்ததில்ல."

மாமா மட்டும், "எப்படிக்கா சிரிப்பாரு?" என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒனக்குத் தெரிஞ்ச மாதிரிப் போடு" என்று உள்ளே போய்விட்டாள்.

மாதிரி இல்லாமல் மாமாவுக்குக் கை ஓடாது. அதனால் அப்பாவைச் சொந்தக்காரர்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது என்று முடிவு செய்தார். நெற்றியும் மீசையும் பெரியப்பா, கண் அத்தை, மூக்கும் காதும் நான். பெரியப்பா முகத்துக்குப் பவுடர் போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு, முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ஒரு நாள் முழுக்க அசையவில்லை. படம் பெரியப்பாவாகவே வந்துவிட்டது.

"பெரிய மச்சான், இதுக்கு மாலையப் போட்டா ஒங்களுக்கில்ல காரியம் பண்ணுன மாதிரி ஆயிரும்" என்றார் மாமா.

"அழிடா அத மொதல்ல!" பெரியப்பா எச்சிலைத் தொட்டுத் தானே அழிக்க வந்துவிட்டார்.

இரண்டாவது படத்தில் அம்மா கேட்டபடி சிரிப்பை வைத்தார். நல்ல அழகு. தெருவே வந்து பார்த்து நல்லாயிருக்கு என்றது. அம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது பல்பொடி ஆளுடா."

மாமா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். காரியத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான். "எனக்கு வரலக்கா. அம்புட்டு மொகம் வரஞ்சிருக்கேன், மச்சான் மொகம் கைக்கு வர மாட்டேங்குது."

மூக்கைக் கொடுத்து இரண்டு நாளாக எனக்குக் கழுத்து வலி. அந்தக் கடுப்பில் எழுந்தேன். "எங்கப்பா இப்படியா இருப்பாரு? நான் காட்டவா?"

கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்துத் தலையில் கட்டினேன். வாசல்படியில் இடுப்பில் கை வைத்து நின்றேன். இடது புருவத்தை ஏற்றி, வலது கண்ணைச் சுருக்கி, கீழுதட்டைத் தள்ளிக்கொண்டு மாமாவைப் பார்த்தேன்.

"ஏண்டா பொம்மக்காரா, செவத்துல நெல்லு வெளஞ்சா வயிறு நெறஞ்சிருமாடா?"

அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். பெரியப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, "அவனேதான்டா! அவனேதான்!" என்றார். மாமா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"மாப்ள, அசையாத. அப்படியே மொறச்சுக்கிட்டு நில்லு."

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அப்பா வந்துவிட்டார்.

பதினாறாம் நாள் மாலை போட வந்த பங்காளி ஒருவர், படத்தைப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டோமா என்று காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "இந்தா வையப் போறாருய்யா" என்றார்கள் எல்லாரும். அம்மா வெகுநேரம் பார்த்தாள். "ஆமா, அவருதான்" என்றாள். வந்தவர் போனவர் அத்தனை பேரிடமும் நான்தான் செய்து காட்டினேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு மாமாவுக்குச் சுவரைவிட வீடுகள் அதிகமாயின. போட்டோ இல்லாமல் யார் செத்தாலும் அவரைத்தான் தேடி வந்தார்கள். போனதும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அவுக மாதிரி யாராச்சும் செஞ்சு காட்டுங்க." சாவு வீட்டில் மருமகள் எழுந்து மாமியார் மாதிரி நடந்து காட்டுவாள், மகன் அப்பன் மாதிரி இருமிக் காட்டுவான். மாமா வரைவார். இது என் யோசனை என்று மாமா எந்த வீட்டிலும் சொன்னதாகத் தெரியவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது மட்டும் படத்தின் முன்னால் நின்று, சட்டையை இழுத்துவிட்டு, "போயிட்டு வாரேன் மச்சான்" என்பார்.

மாமா போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் போனில் மட்டும் நானூறு போட்டோ இருந்தது. இருபதடி ஃப்ளெக்ஸ் நானே அடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வந்தது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. தங்கச்சி பிறந்து, பேச்சு வந்து, ஒருநாள் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"அப்பா யார வையிறாரும்மா?"

"மாமாவ" என்றேன் நான் முந்திக்கொண்டு.

அம்மா முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒங்கப்பா சிரிப்பாருடி" என்றாள்.

"எப்படிம்மா?"

அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பாவின் முகத்தை அச்சு அசலாக ஊருக்கே காட்டியவன் நான். ஒன்பது வருடம் கூட இருந்தும், பாவம், அம்மா அவரைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று அன்றைக்கு அவளுக்காக வருத்தப்பட்டேன்.