அந்தோனியார் படத்துக்குப் பின்னால் சுவீப் டிக்கட்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, மறதியும் கூடிவிட்டது. இன்று கோயில் வாசலில் மெழுகுதிரி வாசத்துக்கு நடுவே லொத்தர்ச் சீட்டு விற்கிறவரைக் கண்டதும், 1930களில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே நாங்கள் இருந்த, பிறகு இடித்துப்போட்ட வீடு நினைவுக்கு வந்தது.

தையற்காரரான அப்பா குதிரைப் பந்தயப் பரிசுச் சீட்டான சுவீப் டிக்கட்டை அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகி, முடிவு வரும்வரை சாராயம் தொடுவதில்லை என்று நேர்த்தி வைப்பார்.

“அந்தோனியாரா குதிரை ஓட்டுறாரு? அந்தக் காசுக்கு அரிசி வாங்கலாங்க,” என்பார் அம்மா. ஆனாலும் அந்த நாட்களில் தையல் மெஷின் இருட்டும்வரை ஓடும், வீட்டில் சண்டை இருக்காது, அப்பா எங்களுக்குக் குதிரைபோலக் கனைத்துக் காட்டுவார்.

பரிசு ஒருமுறையும் விழவில்லை. அப்படி விழாத ஒரு மாலையில் சாராயக்கடைக்குப் புறப்பட்ட அப்பாவிடம், முட்டை விற்ற காசை அம்மாவே நீட்டினார்: “அடுத்த பந்தயத்துக்கு இப்பவே ஒன்னு வாங்கிருங்க.”

வருஷத்துக்கு எத்தனை பந்தயம் நடந்தது என்பது நினைவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.