அம்மாவின் பிரிட்ஜில் அமராவதிக்கு ஓர் இடம்

எங்கள் அம்மா பாலாம்பாளுக்கு என்று இருந்த ஒரே பெரிய பொருள் அந்த ஒற்றைக் கதவு பிரிட்ஜ்தான். சிதம்பரத்தில் எங்கள் சந்துக்கு முதலில் வந்ததும் அதுவே. பக்கத்து வீட்டு இட்லி மாவு, மாடி வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல் மருந்து, யார் வீட்டு விசேஷத்துக்கோ வாங்கிய பூ என்று எந்நேரமும் அடைத்துக்கொண்டிருக்கும். அம்மாவின் தயிருக்குத்தான் இடம் இருக்காது.

அம்மா இறந்த சில நாளில் பால் திரிந்தது. மாவும் பொங்கி வழிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, குளிர்ச்சி இல்லை. கீரப்பாளையத்திலிருந்து மெக்கானிக் கொளஞ்சி வந்தார். அம்மாவுக்கு நெடுநாள் பழக்கம்.

கதவைத் திறந்ததும், "கொலுவுல கூட இவ்ளோ அடுக்க மாட்டாங்க. கொறைங்கம்மா, கொறைங்கம்மான்னு சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்" என்றார். பிறகு பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தார். கை நுழையவில்லை.

"யாரு இத செவுத்தோட ஒட்டித் தள்ளுனது?"

"அம்மாவக் கெடத்த கூடத்துல எடம் பத்தல. அப்ப நவுத்துனாங்க."

அவர் பிரிட்ஜை முன்னால் இழுத்து, பின்பக்கக் கம்பிகளில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார்.

"சூடு வெளிய போவ வழி இல்ல. கம்ப்ரசர் கொதிச்சி நின்னு நின்னு ஓடிருக்கு. கேஸெல்லாம் சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் ஆற வுட்டுப் போடுங்க. செவுத்துல இருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்."

உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தேன். கதவில் முட்டை வைக்கும் குழியில் ஓர் இன்சுலின் பாட்டில் நின்றது. எதிர்வீட்டு அமராவதி அக்காவினுடையது. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, தனியாள். காலையில் எங்கள் சமையலறைக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு, அம்மாவோடு சர்க்கரையில்லாக் காபி குடித்துவிட்டுப் போவார். சாவு விழுந்த வீட்டிலிருந்து கருமாதி முடியும்வரை எங்கள் சந்தில் யாரும் எதையும் எடுத்துப் போவதில்லை. அவரும் வரவில்லை.

ஓடினேன். பாயில் சுருண்டு கிடந்தார். உதடு வறண்டிருந்தது.

"ஊசி போட்டீங்களாக்கா?"

"எப்பிடி பாப்பா கேப்பேன்? பெத்தவளப் பறிகுடுத்துட்டு நிக்கிற. உங்கிட்ட வந்து எம் மருந்தக் குடுன்னு நிக்கவா?"

கொளஞ்சியும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி ஆட்டோவில் ஏற்றினோம். சர்க்கரை மிகவும் ஏறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சூட்டில் கிடந்த மருந்தை நம்ப வேண்டாம் என்று டாக்டர் புதிதாக எழுதித் தந்தார்.

வீடு திரும்பிய அமராவதி அக்கா, புது பாட்டிலோடு எங்கள் வாசலில் நின்றார். கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. மாடி வீட்டு ஞானாம்பாள், "காரியம் முடியட்டுமேடி" என்றார்.

"அதுக்குள்ள எனக்கும் சேத்துக் காரியம் பண்ண வேண்டியதுதான். நவுருடி."

உள்ளே வந்து பாட்டிலை அவரே வைத்தார். மறுநாள் காலையில் வந்து, குளிர்ந்திருந்த பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டினார். ஊசியைப் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. நான் காபி போட எழுந்தேன்.