பாம்புக்காதைத் தேடிய குரல்

பேய் என்றதும் நடுநிசி, நாய் ஊளை, தானாகத் திறக்கும் கதவு என்று எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் மன்னிக்க வேண்டும். இது பட்டப்பகலில் நடந்தது. மாடி அறையில், ஜன்னல் விரியத் திறந்திருக்க, கீழே மனைவி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்க நடந்தது. நடந்தது என் கண்ணாடிக்கடைக்காரருக்கு. என் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டித் தருகிற மனிதர். கதை கட்டத் தெரியாதவர். நீங்கள் போய்க் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். என்னிடமும் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

கண்ணாடிக்காரருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு பைத்தியம்தான் உண்டு, அது சத்தம். கைபேசியில் எண்களாகக் கிடக்கிற பாட்டை ஒலியாக மாற்றி, அதற்கு வலுவும் கொடுத்து ஹெட்போனுக்கு அனுப்புகிற சின்னப் பெட்டிகள் இருக்கின்றனவே, சட்டைப்பைக்குள் அடங்குமே, அவற்றை வாங்கி, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு சுகம். ஒன்றில் அடித்தொனி தொப்பை போட்டிருக்கும். ஒன்றில் பாடகி ‘ச’ சொன்னால் காதில் ஊசி குத்தும். இன்னொன்றில் பாட்டு நின்ற பிறகும் ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண ஆளுக்கு எல்லாம் ஒன்றுதான். இவருக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறையில் பரீட்சை நடக்கும். பெட்டிகளைத் துண்டு போட்டு மூடிவிட்டு, மீட்டர் வைத்து எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவருவார். சத்தம் கூடினால் நல்லதாகத் தோன்றி ஏமாற்றும், அதற்காக. மனைவி ஒயரை மாற்றி மாற்றிச் சொருகுவாள். எது எந்தப் பெட்டி என்று கேட்டே சொல்ல வேண்டும். இதில் அவரை மிஞ்ச ஆள் இல்லாமல்தான் இருந்தது. சகலை வரும்வரைக்கும்.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வேலை. வெள்ளந்தி மனிதன். ஒருநாள் சும்மா மாடி ஏறி வந்தவன், சும்மா ஹெட்போனை மாட்டினான், நான்கு பெட்டிகளையும் சும்மா சரியாகச் சொன்னான். அதிலும் எது பாட்டரியில் ஓடுகிறது, எது சார்ஜரில் ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

“தம்பிக்குப் பாம்புக்காதுங்க!” என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அவன் பெயரே பாம்புக்காது ஆகிவிட்டது. கண்ணாடிக்காரர் சிரித்தார். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் தன் காதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? “கூப்பிட்டா காதுல விழாது” என்பதைத் தவிர?

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வயிற்றெரிச்சல்தான். பாம்புக்காது வருவான், சொல்வான், சரியாக இருக்கும். அவன் ஜெயித்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஜெயித்ததை அவன் பெரிதாகவே எடுத்துக்கொள்ளாததுதான் தாங்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மூடப்போகிற ஒரு பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி கிடைத்தது. பெயர் இல்லை. கம்பெனி முத்திரை இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கையில் எடுத்தபோது லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் இருந்திருக்கும் என்று நினைத்தார். அது இருந்தது அலமாரியின் அடித்தட்டில்.

வீட்டுக்கு வந்து, பரீட்சைக்கு வழக்கமாகப் போடும் பாட்டைப் போட்டார். ஒரு பெண், துணைக்கு ஒரு பியானோ, வேறொன்றும் இல்லை. எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. முதல் வரிக்கு முன்னால் பாடகி மூச்சு இழுப்பது வரைக்கும் அத்துப்படி.

பாடகி மூச்சு இழுத்தாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருவரும் இழுத்தார்.

கண்ணாடிக்காரர் பாட்டை நிறுத்தினார். பழைய பெட்டியில் போட்டுப் பார்த்தார். ஒரே மூச்சு. சாம்பல் பெட்டியில் போட்டார். இரண்டு. இடது பக்கம், கொஞ்சம் பின்னால்.

பயமா? துள்ளிக் குதித்தார் மனிதர். பதிவு செய்த அறையில் யாரோ நின்றிருக்கிறார்கள், எந்தப் பெட்டியிலும் கேட்காத அந்த மூச்சு இதில் கேட்கிறது! பாம்புக்காது, வா மகனே ஞாயிற்றுக்கிழமை!

மறுநாள் வேறொரு பதிவு போட்டார். தனி மத்தளம். அதிலும் அந்த மூச்சு. அதற்கடுத்த நாள் வெறும் மழைச் சத்தம். அதிலும்... இடது பக்கம், கொஞ்சம் பின்னால்.

மழைக்குள் யார் நின்று மூச்சு விடுவார்கள் என்று அவர் யோசிக்கத்தான் செய்தார். ஆனால் ஞாயிறு நெருங்கிவிட்டிருந்தது. ஜெயிக்கப் போகிறவன் சந்தேகப்பட மாட்டான்.

ஞாயிறு வந்தது. துண்டுக்கு அடியில் நான்கு பெட்டிகள். பாம்புக்காது ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினான். முதல் பெட்டியைச் சொன்னான். இரண்டாவதைச் சொன்னான். மனைவி மூன்றாவதில் ஒயரைச் சொருகினாள்.

பாடகி மூச்சு இழுக்கக்கூட இல்லை. அவன் கண்ணைத் திறந்துவிட்டான்.

“அண்ணே, இதுல யாரோ இருக்காங்க.”

கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டார். “மூச்சுச் சத்தம்தானே? எனக்குப் போன வாரமே தெரியும்.”

“மூச்சு இல்லண்ணே... பேசுறாங்க.”

பேச்சா? பிடுங்கி மாட்டினார். அவருக்கு வெறும் மூச்சுதான் கேட்டது. திரும்ப வாங்கி மாட்டிய பாம்புக்காது மட்டும் தலையைச் சாய்த்து, யாருக்கோ பதில் சொல்வதுபோல “இல்ல... இல்ல, முடியாது” என்று முணுமுணுத்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கட்டில்மேல் எறிந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

“என்ன சொல்லுச்சு?”

“அத விடுங்க. இந்தப் பெட்டி வேணாம்ணே. தூக்கிப் போட்டுடுங்க.”

“தூக்கிப் போடணுமா? இல்ல, உனக்குக் குடுக்கணுமா?”

பாம்புக்காது எழுந்து இறங்கிப் போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை.

“தம்பியே பயந்திருக்குன்னா ஏதோ இருக்குங்க. எடுத்து வெளியில போடுங்க” என்றாள் மனைவி.

தம்பியே! அந்த ஓர் எழுத்து, அந்த ‘யே’, அவரைக் கொன்றது.

நியாயமாகப் பார்த்தால் அவர் பயந்திருக்க வேண்டும். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “பேயோ பிசாசோ, என் பெட்டி, என் காசு, என் வீடு. பேசுறது மட்டும் அவன்கிட்டயா?” அதுதான் அவருக்கு அப்போது தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

மத்தியானம் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வரும்போதெல்லாம் மாடிக்குப் போய்விடுவார். சாப்பாடு ஆறும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டுக்கூடப் போடுவதில்லை. மூச்சை மட்டும் கேட்பார். மற்ற பெட்டிகளைத் தொடவே இல்லை. ஒருநாள் ஆசைக்கு ஒன்றை எடுத்துச் சொருகினார். அது பொசுக்கென்று அணைந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் அணைந்தது. மூன்றாவதும். சாம்பல் பெட்டி மட்டும் வெதுவெதுவென்று மேசைமேல் இருந்தது.

“சரி, உன்னையேதான் கேக்கறேன். பேசேன்” என்றார்.

மூச்சு நின்றது.

எழுந்து ஜன்னல் பக்கம் பார்த்தார். வெயில். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. கீழே இஸ்திரிப் பெட்டி வைக்கும் ‘டொக்’ சத்தம்.

பிறகு இடது காதில், ரொம்பப் பக்கத்தில், ஒரு குரல். ஆணா பெண்ணா சொல்ல முடியாது. தொண்டையே இல்லாமல் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

“அவரு எங்க?”

கண்ணாடிக்காரர் உறைந்துபோனார். பயத்தில் பாதி. மீதிப் பாதி எதில் என்று உங்களுக்கே தெரியும்.

“யாரு?”

“நல்லாக் கேப்பாரே... அவரு.”

பேய்க்கும் பாம்புக்காதுதான் வேண்டுமாம்!

“அவன் வரமாட்டான். அவன் பயந்தாங்கொள்ளி. நான் இருக்கேன். அவனைவிட நான் நல்லாக் கேப்பேன்.”

மூச்சு மறுபடி தொடங்கியது. இப்போது வேகமாக.

“அப்ப நீங்க காது குடுப்பீங்களா?”

யார் பேச வந்தாலும் சொல்கிற வார்த்தைதானே? காது கொடுத்துக் கேளுங்கள் என்று. அவருக்குச் சந்தோஷமே வந்தது.

“குடுக்கறேன். சொல்லு.”

“ஒண்ணு போதும்.”

அப்போதுதான் பார்த்தார்.

ஹெட்போனின் ஒயர் சாம்பல் பெட்டியில் இல்லை.

கடைசியாக அணைந்த மூன்றாவது பெட்டியிலேயே சொருகிக் கிடந்தது.

கழற்றி எறிந்தார்.

மூச்சு நிற்கவில்லை.

இடது காதுக்குள்...

உள்ளே...

இன்னும் உள்ளே...

ஏதோ மெல்ல உருவி எடுக்கப்பட்டது. வலி இல்லை. ஊசித் துளையிலிருந்து நூல் வருவதுபோல.

பிறகு, அந்தப் பக்கம் உலகமே இல்லை.

மனைவி ஓடி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் இடப்பக்கம் நின்று கத்தியது அவருக்கு வலது காதில் மட்டும் விழுந்தது. அவளே சாம்பல் பெட்டியைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே போய், தெருமுனையில் நின்ற குப்பை லாரியில் எறிந்தாள். லாரி அதை அரைத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

பாம்புக்காதுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். வராந்தாவில் வலப்பக்கமாக உட்கார்ந்து கேட்டான்.

“அது காதைக் கேட்டுச்சா உங்ககிட்ட?”

“ம்.”

“என்கிட்டயும் கேட்டுச்சுண்ணே. முடியாதுன்னேன். நீங்க ஏன் சரின்னீங்க?”

கண்ணாடிக்காரர் என்ன சொல்வார்? உன்மேல் இருந்த பொறாமையில் என்றா?

ஸ்கேன் எடுத்தார்கள். காது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இடது காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு இல்லை என்றார். அறுந்துபோகவில்லை, கெட்டுப்போகவில்லை. இல்லவே இல்லை.

“பிறவியிலேயே இப்படித்தான். இந்தக் காது உங்களுக்கு எப்பவுமே கேட்டிருக்காதே?” என்றார்.

“போன வாரம் வரைக்கும் கேட்டுச்சு டாக்டர்.”

டாக்டர் சிரித்தார். சிலர் ஒற்றைக் காதோடேயே பழகி, தெரியாமலே இருந்துவிடுவார்கள் என்றார்.

இதோடு முடிந்திருந்தால் டாக்டர் சொன்னதுதான் சரி என்று நானும் சொல்லியிருப்பேன். பிறகு நடந்ததைப் பாம்புக்காதுதான் என்னிடம் சொன்னான். கண்ணாடிக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் கண்ணாடிக்காரர் கடையில் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறார். அப்போது ஸ்கேன் எடுத்தது பாம்புக்காதுதான். அண்ணன் தலையாச்சே என்று ஒவ்வொரு படமாக நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறான். இரண்டு பக்கமும் நரம்பு இருந்தது. அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டரிடம் காட்டலாம் என்று, வேலை செய்யும் இடத்துக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய படத்தைத் தேடித் திறந்தான்.

அதே நாள். அதே தலை. அவன் எடுத்த அதே படம்.

அதிலும் இடது நரம்பு இல்லை.