பத்தாம் நம்பரில் நடுங்கிய ரூத்தக்கா

1. தந்தி

மதுரையில் நான் மெக்கானிக்காக வேலை பார்த்த கடைக்கு ஒரு சித்திரை மாதக் காலையில் தந்தி வந்தது. ஏர்கண்டிஷன் மிஷினில் குளிர் நின்றுவிட்டது, உடனே ஆள் அனுப்பவும் என்று இருந்தது. அனுப்பியவர் கோவில்பட்டி ஆசீர்வாதம் அண்ணாச்சி, ஜின்னிங் பாக்டரி வைத்துப் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கிப் பஞ்சு எடுப்பவர். பதினைந்து நாளைக்கு முன்னால் அவர் வீட்டில் அந்த மிஷினை மாட்டியவன் நான்தான்.

முதலாளி தந்தியை என் கையில் கொடுத்து, "நீதானப்பா மாட்டுன? நீயே போய்ப் பாரு" என்றார்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் கரிசல் பக்கத்தில் சினிமாக் கொட்டகையில்கூட ஏர்கண்டிஷன் கிடையாது. அண்ணாச்சி அதை ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. அவர் மனைவி ரூத்தக்காவுக்கு மூன்று முறை கரு தங்கவில்லை. நான்காவது கரு ஆறு மாதம் வரை வந்திருந்தது. பாளையங்கோட்டை டாக்டரம்மா, பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த வெயிலில் படுத்தே கிடந்ததில் அக்காவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அண்ணாச்சி மதுரைக்கு பஸ் ஏறி வந்து மிஷினுக்கு ஆர்டர் கொடுத்தார்.

மாட்டிய அன்று நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் கால மிஷினில் டிகிரி போட்டிருக்காது. குளிரைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு திருகு, அதைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்து வரை நம்பர், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுல வைக்கணும் மெக்கானிக்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

அத்தனை பேர் பார்க்கும்போது எனக்குப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. "பத்துல வைங்க அண்ணாச்சி. கொடைக்கானல் தோத்துரும்" என்று சொல்லி, திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கட்டிலில் படுத்திருந்தவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. பஞ்சு அடைத்த பில்டர்

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அண்ணாச்சி பாக்டரியிலிருந்து நேரே வந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் பஞ்சு. படுக்கையறையில் மிஷினுக்குக் கீழே ஒரு அண்டா வைத்து, சொட்டுகிற தண்ணீரைப் பிடித்திருந்தார்கள்.

மிஷின் சத்தம் போட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது, குளிர்தான் வரவில்லை. அதை நிறுத்திவிட்டு முன்பக்கத் தட்டியைக் கழற்றினேன். குளிர்ச்சி தரும் கூலிங் காயிலின் குழாய்கள் முழுவதும் ஐஸ் கட்டியிருந்தது. காற்றை வடிகட்டுகிற பில்டரை உருவினால் கம்பளி மாதிரி பஞ்சு படிந்திருந்தது. வீட்டை ஒட்டியே ஜின்னிங் பாக்டரி. பறக்கிற பஞ்செல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. பில்டர் அடைத்தால் காற்று போகாது. காற்று போகாமல் மிஷின் இரவு பகலாக ஓடினால் காயிலில் ஐஸ் பிடிக்கும். பிறகு குளிரே வெளியே வராது. அண்ணாச்சியிடம் இதை விளக்கினேன்.

"அம்புட்டுத்தானா? நான் மிஷினே போச்சுன்னு பயந்துட்டேன். லாரி நிக்கி, ஏத்திவிட்டுட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அவர் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியதும் ரூத்தக்கா மெதுவாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இத இனிமே ரிப்பேர் பண்ண முடியாதுன்னு சொல்லிருங்களேன்."

எனக்குப் புரியவில்லை. "ஏங்க்கா?"

"இது ஓடுனா குளிரு தாங்க முடியல தம்பி. ராவும் பகலும் பல்லு கிட்டிக்கிடுது. இப்ப இருமலும் வந்துட்டு."

சொல்லும்போதே இருமல் வந்தது. இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினார். கால்மாட்டில் இரண்டு ஜமுக்காளமும் ஒரு கம்பளிச் சால்வையும் மடித்து வைத்திருந்தார்கள்.

"ஒவ்வொரு இருமலுக்கும் உசிரு போயிட்டு வருது. இந்தப் பிள்ளையையும் விட்டுருவனோன்னு பயமா இருக்கு."

"அண்ணாச்சிகிட்ட சொல்லலாம்லா?"

"எப்படிச் சொல்ல? வெயில்ல வெந்து வருவாவ. வாசப்படியில நின்னு, எப்படிட்டி இருக்குன்னு கேப்பாவ. அந்த மொகத்தப் பாத்தா நல்லா இருக்குன்னுதான் வாயில வருது. ராத்திரியில எனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு அவிய வெளிய தார்சாத் திண்ணையிலதான் படுக்காவ."

"குளிர் நின்ன ரெண்டு நாளும் எப்படி இருந்துச்சு?"

"வேக்காடுதான். நேத்து தலை சுத்தி மயக்கமே வந்துட்டு. ஆனா அந்தக் குளிருக்கு இது தேவல."

அந்தத் திருகைக் குறைத்து வைக்கலாம் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய நான் சொல்லாமல் போயிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா. நீங்க சொன்னதையும் அண்ணாச்சிகிட்ட சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் மட்டும் பொறுத்துக்கிடுங்க" என்றேன்.

3. அரை மணி நேரம்

ஐஸ் கரைந்தது. பில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். பையிலிருந்த தெர்மாமீட்டரைக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டு, மிஷினைப் பழையபடி பத்திலேயே ஓட விட்டேன். அண்ணாச்சி வந்து வாசப்படியில் நின்று, "ஆஹா!" என்றார். உடனே திரும்பிப் போகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, டெஸ்ட் பண்ணணும். அக்கா பக்கத்துல ஒரு அரை மணி நேரம் உக்காருங்க."

"எதுக்கு? அதான் குளிருதே."

"உக்காருங்க அண்ணாச்சி."

நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. முதல் பத்து நிமிடம் பருத்தி விலையைப் பற்றிப் பேசினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார். பேச்சு நின்றது. இருபது நிமிடத்தில் கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். அக்கா இருமினார். அவர் சட்டென்று அக்காவின் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, கை என்ன இப்படிச் சில்லிட்டுக் கெடக்கு?"

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பதினஞ்சு நாளா இப்படித்தான் கெடந்தியா? ஏன் சொல்லல?"

"நீங்க ஆசப்பட்டு வாங்கிப் போட்டிய..."

அண்ணாச்சி ஜமுக்காளங்களையும் சால்வையையும் எடுத்து அக்கா கழுத்துவரை போர்த்திவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வே, நீருதான பத்துல வைக்கச் சொன்னீரு?"

"ஆமா அண்ணாச்சி. தப்பு என்னோடதுதான். அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் அக்காவின் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நானும்லா கேக்கல" என்றார்.

4. எண்பது

தெர்மாமீட்டர் அறுபத்தாறு காட்டியது. அப்போதெல்லாம் பாரன்ஹீட் கணக்கு. திருகை ஏழுக்குக் கொண்டுவந்து காத்திருந்தோம். எழுபத்திரண்டு. "இன்னும் குளிருது" என்றார் அக்கா. ஐந்துக்கு வைத்தேன். எழுபத்தாறில் ஜமுக்காளங்கள் போயின, சால்வை போகவில்லை. நான்கில் வைத்ததும் எண்பதுக்கு வந்து நின்றது. காற்று நேராகக் கட்டிலில் அடிக்காதபடி மிஷினில் காற்று வரும் பட்டிகளை மேல்நோக்கித் திருப்பினேன். சீலிங் பேனை மிக மெதுவாக ஓட விட்டேன்.

அண்ணாச்சிக்குச் சமாதானம் ஆகவில்லை. "எண்பதா? எண்பது டிகிரிக்கா இம்மாம் பெரிய மிஷினு?"

"வெளிய நூத்தி நாலு அண்ணாச்சி. அதுக்கு இது எம்புட்டோ குளிர்ச்சி."

கால் மணி நேரம் கழித்து அக்கா தானாகவே சால்வையைத் தள்ளிவிட்டார்.

"இப்ப எப்படி இருக்குக்கா?"

அவர் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "இப்ப ஒண்ணுமே தெரியல தம்பி. வேர்க்கவும் இல்ல, குளிரவும் இல்ல."

இந்தத் தொழிலில் நான் வாங்கிய முதல் நல்ல சர்டிபிகேட் அதுதான். நான்காம் நம்பருக்கு நேரே அண்ணாச்சி சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். வாரம் ஒருமுறை பில்டரைக் கழுவுவது தன் பொறுப்பு என்றார். அன்றிலிருந்து தன் கட்டிலையும் அந்த அறைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

பத்து நாளில் இருமல் நின்றுவிட்டதாகக் கடிதம் வந்தது. ஆவணியில் இன்னொரு கடிதம்: பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். முதலாளி அதைக் கடையில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

பிறகு எத்தனையோ வீடுகளில் மிஷின் மாட்டினேன். எத்தனை டிகிரி வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் எண்பதில் தொடங்கச் சொல்வேன். இன்றைய செல்சியஸ் கணக்கில் இருபத்தாறு, இருபத்தேழு. ஆனால் அது தொடக்கம்தான். குழந்தைக்கு ஒன்று, வயதானவருக்கு ஒன்று, வெயிலில் அலைந்துவிட்டு வருபவருக்கு ஒன்று. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாட்டி முடித்ததும் பையைத் தூக்காதீர்கள். அந்த அறையில் படுக்கப் போகிறவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள்.