“எல்லாம் நல்லது” என்ற கப்டன்

1. சோதனை ஓட்டம்

படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸுக்குள் ஹீற்றரைப் போட்டுக் காட்டினேன். கப்டன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “மிகவும் நல்லது” என்றார்.

ரொறன்ரோ ஏரிக்கரையில் படகு திருத்தும் யார்ட் ஒன்றில் நான் டெக்னீஷியன். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள். இது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நடந்தது. இங்கே ஓடிய பழைய ரோந்துப் படகுகள் இரண்டைப் புதுப்பித்து, பசிபிக்கில் ஒரு சின்னத் தீவு நாட்டின் கடற்படைக்கு நன்கொடையாக அனுப்பும் வேலை. அவற்றைப் பொறுப்பேற்க வந்தவர்தான் அந்தக் கப்டன். மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டால், அந்த வாரமே படகுகள் கப்பலில் ஏறிவிடும். அதன் பிறகு ஒரு ஸ்குரூவை மாற்றக்கூட நாங்கள் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

எஞ்சின்? நல்லது. ரேடார்? மிகவும் நல்லது. இருக்கை? அருமை.

எங்கள் மனேஜர் முரளி சார் சென்னைக்காரர். “இவ்ளோ நல்ல கஸ்டமரை நான் பார்த்ததே இல்லப்பா” என்று பூரித்துப்போனார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வருடம் முழுக்க வெயில் காயும் ஊர்க்காரர் ஹீற்றரை ஏன் புகழ்கிறார்?

2. கோழிக்கறி

ஹோட்டலில் தனியாகச் சாப்பிடுவாரே என்று அன்று மாலை அவரை ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா புட்டும் கோழிக்கறியும் வைத்தார். முதல் வாயிலேயே கப்டனின் காது சிவந்தது. “மிகவும் நல்லது” என்று மறுபடியும் அள்ளினார்.

“தம்பி, உவர் பொய் சொல்லுறார். கண்ணால தண்ணி ஓடுது, பார்” என்றார் அம்மா.

“சும்மா இருங்கோ அம்மா, அவருக்கு விளங்கப்போகுது.”

“ஓம், என்ர தமிழ் அவருக்கு விளங்கிக் கிழிச்சுது!”

அம்மா தயிரைக் கொண்டுவந்து அவர் தட்டில் ஊற்றினார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “டூ ஹொட். யூ டெல். ஐ நோ ஆங்ரி” என்றார். கப்டன் ஒரு கணம் விழித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். “ஹொட்! வெரி, வெரி ஹொட்!”

இந்த நாட்டில் எங்கள் முதல் குளிருக்கு யாரோ அம்மாவுக்கு ஒரு கோட் கொடுத்தார்கள். அதன் கை அவர் விரல்களையும் தாண்டித் தொங்கியது. “வெரி நைஸ்” என்று சொல்லித்தான் வாங்கினார். சும்மா தருகிறவர்களிடம் குறை சொல்ல வாய் வராது. கப்டன் வாங்குவதும் அப்படி ஒரு கோட்தான் என்று அப்போது பட்டது.

“கப்டன், எங்கள் படகில் எது உறைப்பு?” என்று கேட்டேன்.

அவர் கரண்டியை வைத்தார்.

“ஜன்னல். அதைத் திறக்க முடியாது. எங்கள் வெயிலில் உள்ளே நிற்பவன் வெந்துபோவான். முன்பு இன்னொரு நாடு தந்த படகும் இப்படித்தான். துறைமுகத்தில் அழகாகக் கட்டி வைத்திருக்கிறோம். மீனவர் யாராவது காணாமல் போனால், வாடகைப் படகில் தேடப் போகிறோம்.”

“அவர்களிடம் சொல்லவில்லையா?”

“தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்களே, தம்பி! எப்படிச் சொல்வது?” அம்மா கூப்பிடுவதைக் கேட்டு, அவருக்கும் நான் தம்பியாகிவிட்டேன்.

3. கையெழுத்து நாள்

ஜன்னலை மாற்றாமல் கப்டனிடம் கையெழுத்து வாங்க வேண்டாம் என்று காலையிலேயே போய்ச் சொன்னேன்.

“நேத்து வரைக்கும் எல்லாம் சூப்பர்னாரு. ராத்திரி என்னப்பா பண்ணின?” என்றார் முரளி சார்.

“அம்மாவின்ர கோழிக்கறி, சார்.”

அவர் தலையில் கைவைத்தார். கப்டன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். வாடகைப் படகு என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

“கப்பல்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். தள்ளித் திறக்கிற ஜன்னல் போடுங்க. ஃபேன் போடுங்க. அந்த ஹீட்டரை யாரு கழட்டுறது?”

“பூட்டினது நான்தானே சார், நானே கழட்டுறன்.”

யார்டே சிரித்தது. படகுகள் அடுத்த கப்பலில் போயின. இப்போது சோதனை ஓட்டம் முடிந்ததும் முரளி சாரே வாடிக்கையாளரிடம், “எது காரம்?” என்று கேட்கிறார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். “எதை மாத்தலாம்?” என்று கேளுங்கள்.

சில மாதம் கழித்து கப்டன் ஒரு வீடியோ அனுப்பினார். ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க, படகு அலையில் துள்ளிப் பாய்கிறது. பின்தளத்தில் போர்வை போர்த்திய இரண்டு மீனவர்கள் தேநீர் குடிக்கிறார்கள். காற்றுக்கு மேலால் கப்டன் கத்துகிறார்: “தம்பி! அம்மாவுக்குச் சொல்லு, உறைப்பு இல்லை!”

அம்மா திரும்பத் திரும்பப் பார்த்தார். “அடுத்த முறை வரச் சொல்லு. மிளகாய்த்தூள் குறைச்சுப் போடுறன்” என்றார்.